இரவல் முடி

மாசாயிலிருந்து தெற்கே சென்று நீரிணைக் கரையில் நிற்போருக்கு எதிரே சிங்கப்பூர் தென்படும். அங்கே 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ஓர் அரசர் ஆக்கப்பட்டார். ஜொகூர்ச் சுல்தான் மகமூதின் மூத்த மகனாகிய துங்கு உசேன், தந்தையார் மறைந்த வேளையில் திருமணத்தின் பொருட்டுப் பகாங்கில் இருந்தார். அந்த இடைவேளையில், செல்வாக்கு மிக்கிருந்த பூகிஸ் தலைவர்கள் இளையவராகிய அப்துல் ரகுமானை அரியணையில் அமர்த்திவிட்டனர். உரிமையை இழந்து ஒதுங்கி வாழ்ந்த உசேனைக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஊழியராகிய ராபிள்ஸ் துரை தேடி வரவழைத்து, ஜொகூர்ச் சுல்தான் என்று பட்டங்கட்டினார். சுல்தானுக்கு ஆண்டொன்றுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி. தெமெங்கோங்குக்கு 3,000 வெள்ளி. கும்பினியாருக்கோ அத்தீவில் வாணிகத் தலம் அமைக்கும் உரிமை. முடிசூட்டுக்குரிய அரசுச் சின்னங்கள் மட்டும் உசேன் கைக்கு வரவேயில்லை. 1822ல் டச்சுக்காரர் அவற்றை அரசி எங்கு புத்திரி ஹமீதாவிடமிருந்து வலிந்து பறித்து, மறு ஆண்டில் தம்பியாருக்கு முறைப்படி முடிசூட்டினர்.

இவையெல்லாம் இந்நாட்டு வாசகர்கள் அறிந்த செய்திகளே. ஆயினும், அரசர்களை உபகாரச் சம்பளப் புத்தகத்தில் வரவு வைக்கும் வித்தையைக் கும்பினியார் சிங்கப்பூரில் புதிதாகக் கற்றார்கள் என்று எண்ணிவிடலாகாது. ராபிள்ஸ் உசேனுக்குப் பட்டங்கட்டியபோது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர் ஹேஸ்டிங்ஸ் பிரபு. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, அவருடைய ஆட்சியிலேயே, பஞ்சாபின் எல்லையில் சட்லெஜ் ஆற்றருகே உள்ள லூதியானா என்னும் ஊரில் மற்றோர் அரசர் அடைக்கலம் புகுந்து, கும்பினியாரின் சம்பளத்துக்கு ஆளாகியிருந்தார். அவர் ஆப்கானிஸ்தானத்தின் ஷா ஷூஜா. உசேனுக்குத் தாளில் கிடைத்தது இவருக்குக் காபூலிலேயே கிடைத்தது. அதனைப் பெறுவதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, அந்த விலையைக் கொடுத்தவர் யாவர் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நாம் தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவது நமது தொழில். எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் யார் பெயர் பதிந்திருக்கிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று நம் கண் தானாகவே தேடுகிறது. அந்தப் பழக்கத்தை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

1747ல் கந்தகாரில் ஆமது ஷா துராணி நிறுவிய பேரரசு, ஒரு காலத்தில் காஷ்மீரம் முதல் ஹீராத் வரை பரவிக் கிடந்தது. அவருடைய மகன் தைமூர் ஷா 1793ல் இறந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட ஆண்மக்களை விட்டுச் சென்றார். இன்னார்க்கே அரசு என்று விதித்துச் சென்றாரில்லை. மூங்கிற்புதரில் காற்றடித்தால் மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பற்றுவதுபோல, உடன்பிறந்தார் தம்முள் மோதினர். முதலில் அரியணை ஏறிய ஜமான் ஷாவின் பெயர் தென்னாட்டாருக்கும் தொடர்புடையதே. கும்பினியாரை எதிர்த்து நின்ற திப்பு சுல்தான், வடக்கிலிருந்து படையோடு இறங்கி வருமாறு இந்த ஜமான் ஷாவுக்கே தூதனுப்பினார். ஜமான் இலாகூர் வரை வந்தார். அதற்கு மேல் வர இயலவில்லை. தாயாதிகள் காபூலில் கலகம் விளைத்தனர். பின்னர் அவரைப் பிடித்த மாற்றாந்தாய் மகன் மஹ்மூது, அவருடைய இரு கண்களையும் குத்திக் குருடாக்கினார். குருடர் அரசாளலாகாது என்பது அந்நாட்டு வழக்கு. ஆகவே கொல்வதற்குப் பதிலாகக் கண்ணைப் பறித்தல் அங்கே கருணை எனப்பட்டது!

ஜமானின் உடன்வயிற்றுத் தம்பியே ஷூஜா. 1803ல், பதினெட்டு வயதளவில், மஹ்மூதை விரட்டி அரியணை ஏறினார். தம் அண்ணனின் கண்ணைப் பறித்த மஹ்மூதின் கண்ணை அவர் பறிக்கவில்லை. இந்த நற்செயலை மனிதத் தன்மை என்று நாம் போற்றலாம். ஆனால் அதுவே அவருக்கு வினையாயிற்று. உயிரும் கண்ணும் பிழைத்த மஹ்மூது, பாரக்ஸாய்க் குலத்துத் தலைவரான பத்தே கானின் துணையோடு மீண்டும் எழுந்தார்.

1809ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஷூஜா பெஷாவரில் கொலுவீற்றிருந்தபோது, கும்பினியாரின் தூதராக எல்பின்ஸ்டன் துரை அங்கு வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரரும் பாரசீகரும் ஆப்கானிஸ்தானத்தின் வழியே இந்தியாவுக்குள் புகுந்துவிடுவார்களோ என்பது அன்றைய அச்சம். மன்னரின் உடல் முழுவதும் மணிகளால் ஒளிர்ந்ததையும், அவர் கையணியில் கோஹினூர் வைரம் பதிந்திருந்ததையும் எல்பின்ஸ்டன் வியந்து எழுதியிருக்கிறார். அவ்வாண்டு ஜூன் 17ல் உடன்படிக்கை உறுதியாயிற்று. மை உலரும் முன்னரே, அதே மாதத்தில், நிம்லா என்ற இடத்தில் ஷூஜாவின் படை சிதறியது. அவர் முடியிழந்தார். கும்பினியாரோ தமக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லாததுபோல் இருந்துவிட்டனர். நட்பு உடன்படிக்கை என்பது நாட்டை ஆள்பவரோடு செய்து கொள்வது. நாட்டை இழந்தவரோடு யார் செய்துகொள்வார்?

அடுத்த ஏழாண்டு அவருக்கு நேர்ந்தவற்றைக் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள். நண்பர் என்று நம்பியவரே அவரைப் பிடித்துக் காஷ்மீரத்தில் சிறைவைத்தார். அவருடைய மனைவியருள் மதியூகம் மிக்க வபா பேகம், கணவரை மீட்டுத் தந்தால் கோஹினூரைத் தருவதாக மகாராஜா ரஞ்சித் சிங்கிடம் வாக்களித்தார். 1813ல் மீட்பும் நடந்தது. மீட்கப்பட்டவர் இலாகூரில் விருந்தாளியாகவும் கைதியாகவும் ஒருங்கே வைக்கப்பட்டார். வைரத்தைக் கொடுக்க ஷூஜா தயங்கினார். உணவும் நெருக்கடியும் கொண்டு அவரை இணங்கச் செய்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கோஹினூர் கைமாறியது. அதன் பின்னர் குடும்பத்துப் பெண்கள் முதலில் தப்பி லூதியானா அடைந்தனர். ஷூஜாவும் சுவரைத் துளைத்து, மாறுவேடம் பூண்டு, நகரத்துச் சாக்கடை வழியே ஊர்ந்து வெளியேறினார். வெளியேறியவர் நேரே லூதியானாவுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. மலைநாட்டில் ஆள் திரட்டிக் காஷ்மீரத்தைப் பிடிக்கப் புறப்பட்டார், பனி வழிமறித்தது. 1816 செப்டம்பரில்தான் லூதியானாவில் குடும்பத்தோடு சேர்ந்தார்.

அங்கே கும்பினியார் அவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய் உபகாரச் சம்பளம் விதித்தனர். ஒரு ஸ்பானிய வெள்ளிக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் என்று கணக்கிட்டால், ஜொகூர்ச் சுல்தானுக்கு விதித்ததைப் போல் இஃது ஏறத்தாழ ஐந்து பங்கு. கண்ணிழந்த அண்ணன் ஜமானும் லூதியானாவுக்கே வந்து சேர்ந்தார். கும்பினியார் இத்தகைய அரசர்களை வைத்துக் காக்கும் ஊர்கள் வேறும் உண்டு. நம் தமிழ்நாட்டு வேலூர்க் கோட்டையில் முதலில் திப்புவின் மக்கள் இருந்தனர். 1815ல் பிடிபட்ட கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கர், பின்னர் அங்கேயே கொணரப்பட்டு 1832ல் உயிர் நீத்தார். ஆனால் வேலூருக்கும் லூதியானாவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வேலூரில் இருந்தோர் மீண்டும் எழக் கூடாதென்று பூட்டி வைக்கப்பட்டோர். லூதியானாவில் இருந்தவரோ, என்றேனும் பயன்படக் கூடுமென்று பேழையில் மடித்து வைக்கப்பட்ட பட்டு.

லூதியானாவிலும் அவர் அரசராகவே வாழ்ந்தார். சபை கூடியது, கட்டியக்காரர் இருந்தனர், மண்டியிடாமல் எவரும் அணுகலாகாது. சிறு குற்றத்துக்கும் ஊழியரின் காதை அறுக்கும் வழக்கம் அவரிடம் இருந்ததென்று அங்கு சென்று வந்தோர் எழுதியுள்ளனர். மஹ்மூதின் கண்ணை விட்டுவைத்த இளைஞர், முப்பதாண்டு ஏமாற்றத்தில் எப்படித் திரிந்தார் என்பதற்கு அந்தக் காதுகள் சாட்சி. தம் வாழ்க்கை வரலாற்றையும் பாரசீக மொழியில் எழுதினார். தோல்விகளை விதியின் மேலும் துரோகிகளின் மேலும் ஏற்றி எழுதுவது அரசர்கள் தன்வரலாற்றின் பொது இயல்பு; அவர் நூலும் அதற்கு விலக்கன்று.

ஒன்றை மட்டும் நாம் மறுப்பதற்கில்லை: அவர் முயற்சியை விட்டவரல்லர். 1818ல் ஒருமுறை புறப்பட்டுப் பெஷாவர், சிந்து என்று அலைந்து திரும்பினார். 1833ல் மறுபடியும் புறப்பட்டார். அப்போது காபூல் பத்தே கானின் தம்பியாகிய தோஸ்த் முகம்மது கானின் கையில் இருந்தது. ஷூஜா பண உதவி கேட்டார். அன்றைய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு, 'நாங்கள் நடுநிலையாளர். உமது போரில் எமக்குப் பங்கில்லை' என்ற நிலையை விடாமலே, நான்கு மாதச் சம்பளத்தை முன்கூட்டிக் கொடுக்கச் செய்தார். முன்பணம்! தோட்டத்து மக்களுக்கு இச்சொல்லின் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. கப்பல் ஏறுமுன் கையில் திணிக்கப்பட்ட முன்பணத்தைக் கழிக்க எத்தனை ஆண்டு பால் வெட்ட வேண்டியிருந்தது என்பதை நம் பாட்டன்மார் அறிவர். கொடுப்பவன் தன்னை நடுநிலையாளன் என்கிறான். வாங்குபவன் கட்டுண்டு போகிறான்.

அம்முறை சிந்து நாட்டில் ஷூஜா வென்றார். 1834 ஜூலையில் கந்தகாரின் மதிலடியில் தோஸ்த் முகம்மதிடம் தோற்றார். இந்தச் சந்தடியில் ரஞ்சித் சிங் பெஷாவரைத் தமதாக்கிக்கொண்டார். முடியைத் தேடிப் போனவர் வெறுங்கையோடு லூதியானா திரும்ப, அவர் நாட்டின் ஒரு பெரும் பகுதி சீக்கியருக்குப் போயிற்று. இந்தப் பெஷாவரே பின்னர் விளைந்த தீமைகளுக்கெல்லாம் வித்து.

1837ல் கும்பினியாரின் தூதராகக் காபூல் சென்ற அலெக்ஸாண்டர் பர்ன்ஸிடம் தோஸ்த் முகம்மது கேட்டது பெஷாவர் ஒன்றையே. அதனைப் பெற்றுத் தந்தால் ஆங்கிலேயருக்கு உற்ற நண்பராயிருப்பேன் என்றார். பர்ன்ஸும் அவரையே ஆதரிக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் ரஞ்சித் சிங்கின் மனத்தை நோகச் செய்யக் கல்கத்தா துணியவில்லை. அவ்வேளையில் ருஷ்யத் தூதரொருவர் காபூலுக்கு வந்தார். பாரசீகர் ஹீராத்தை முற்றுகையிட்டிருந்தனர். கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபுவும் அவருடைய காரியதரிசி மக்நாட்டனும் ருஷ்யப் பூச்சாண்டியைக் கண்டு நடுங்கினர். மக்கள் விரும்பும் தோஸ்த் முகம்மதை இறக்கிவிட்டு, லூதியானாப் பேழையிலிருக்கும் பட்டை எடுத்து உதறிப் போர்த்துவதென்று முடிவாயிற்று. 1838 ஜூனில் ரஞ்சித் சிங்கும் ஜூலையில் ஷூஜாவும் கையெழுத்திட்டு மூவர் உடன்படிக்கை நிறைவேறியது. பெஷாவர் மேலுள்ள உரிமையை ஷூஜா அதில் கைவிட்டார். நாட்டைப் பெறுமுன்னரே நாட்டின் ஒரு பகுதியை எழுதிக் கொடுத்த அரசர்!

அக்டோபர் 1ல் சிம்லாவிலிருந்து ஆக்லண்ட் பிரபு அறிக்கை வெளியிட்டார். ஷா ஷூஜா மக்களால் விரும்பப்படுபவர் என்றும், அவர் தம்முடைய படையால் சூழப்பட்டே தம் நாட்டில் புகுவார் என்றும் அதிலே கண்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கை. ஹீராத்து முற்றுகை அதற்கு முந்திய மாதமே நீங்கிவிட்டது. எந்தத் தீயை அணைக்கக் குடத்தை எடுத்தார்களோ அந்தத் தீ தானே அவிந்தது. எடுத்த குடத்தைக் கீழே வைக்க மட்டும் மனம் வரவில்லை. நவம்பரில் இன்னோர் அறிவிப்பு வெளியிட்டு, படையெடுப்பு நடந்தே தீரும் என்றார்கள்.

படை திரண்ட விவரத்தைக் கணக்கர் கண்ணோடு நோக்குவோம். வங்காளப் படை ஏறத்தாழ 9,500 பேர். ஷூஜாவின் 'சொந்தப் படை' எனப்பட்டது 6,000 பேர்; அவருள் மிகப் பலரும் ஆப்கானியர் அல்லர், ஹிந்துஸ்தானத்தில் கூலிக்குச் சேர்க்கப்பட்டவர். பம்பாய்ப் படை தனியே கடல் வழியாகச் சிந்துவுக்கு வந்தது. இவர்களோடு ஒட்டகங்கள் 30,000, பணிமக்கள் 38,000! போர்வீரரைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட இந்தப் பணிமக்கள் யாவர்? சமையற்காரர், நீர் சுமப்போர், ஒட்டகமோட்டிகள், புல் வெட்டுவோர், துணி வெளுப்போர், பல்லக்குத் தூக்குவோர், துப்புரவு செய்வோர், அவர்தம் மனைவி மக்கள். ஒரு படைப்பிரிவின் சுருட்டுகளைச் சுமக்க மட்டும் இரண்டு ஒட்டகங்கள் சென்றன என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பஞ்சாபின் வழியே செல்ல ரஞ்சித் சிங் இடங்கொடாமையால், சிந்துவைச் சுற்றிப் போலன் கணவாய் வழியே படை சென்றது. உணவு குன்றியது. வெள்ளைச் சிப்பாய்களுக்கு ரொட்டி சிறுத்தது. இந்தியச் சிப்பாய்க்கு ஒரு சேர் மாவு அரைச் சேராயிற்று. பணிமக்களுக்குக் கால் சேர். ஆட்டுத் தோலைப் பொரித்தும், கிடைத்த கிழங்குகளைத் தோண்டியும் அவர்கள் பசியாற்றினார்கள். அரைச் சேரும் கால் சேரும் எப்படித் தீர்மானிக்கப்பட்டன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. எவன் கையில் துப்பாக்கி இருந்ததோ அவனுக்கு அரை; எவன் தலையில் சுமை இருந்ததோ அவனுக்குக் கால்.

1839 மே 8ல் கந்தகாரின் வெளியில் ஷூஜாவுக்கு முடிசூட்டு விழா எடுத்தார்கள். 101 பீரங்கி முழங்கிற்று. படைகள் வரிசையாக அணிவகுத்தன. மகிழ்ச்சிப் பெருக்கோடு வந்து கூடும் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகவே கிடந்தது. ஜூலை 23ல் கஜினிக் கோட்டை வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. அங்குப் பிடிபட்டோர் சிலரை ஷூஜா தம் பாசறையிலேயே வெட்டச் செய்தார். தோஸ்த் முகம்மது புக்காரா நோக்கி அகன்றார். ஆகஸ்டு 7ல், முடியிழந்த முப்பதாம் ஆண்டில், ஷா ஷூஜா வெள்ளைக் குதிரை மேல் காபூலுக்குள் நுழைந்தார். தெருவோரத்தில் நின்ற மக்கள் வாழ்த்தவுமில்லை, வைதாருமில்லை. பிண ஊர்வலத்தைப் பார்ப்பார்போல் பார்த்து நின்றார்கள். பாலா ஹிசார் அரண்மனையின் படிகளில் ஏறியபோது அந்த முதியவர் குழந்தைபோல் மகிழ்ந்தார் என்பர். அதை நினைக்கும்போது நமக்கும் அவர்மேல் இரக்கம் பிறக்காமலில்லை.

முடி கிடைத்தது, ஆட்சி கிடைத்ததா? வரியும் படையும் மக்நாட்டன் கையில். முறையிட வந்த தலைவர்களை மன்னர் மக்நாட்டனிடம் அனுப்பினார். மக்நாட்டன் மன்னரிடம் அனுப்பினார். பழைய நாட்களில் தோட்டத்தில் நீக்கப்பட்ட கங்காணி, துரையின் தயவால் மீண்டும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தால், பெரட்டுக்களத்தில் ஆட்கள் யாரை நோக்குவார்கள்? கங்காணியை அன்று, அவர் பின்னால் நிற்கும் துரையையே நோக்குவார்கள். காபூலிலும் அப்படியே. ஒரேயொரு காரியத்தில் மன்னர் சொல் செல்லுபடியாயிற்று. பாலா ஹிசார்க் கோட்டையிலே துருப்புகள் தங்குவது தம் அந்தப்புரத்துக்குத் தகாதென்றார். துருப்புகள் இறங்கி, சுற்றிலும் மேடு சூழ்ந்த தாழ்வெளியில் பாசறை கட்டிக்கொண்டன. வேறெதிலும் செவிசாய்க்காத துரைமார், கேட்கக் கூடாத இந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டனர்.

1840 நவம்பரில் தோஸ்த் முகம்மது தாமாகவே வந்து சரணடைந்தார். அவருக்கும் உபகாரச் சம்பளம் விதித்தார்கள். அவரும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். புத்தகம் ஒன்றே; பெயர் மட்டும் மாறியது. நமக்குத் தீங்கொன்றும் செய்யாத தோஸ்தைத்தான் நம் கொள்கைக்காக வெளியேற்றினோம், ஷாவுக்கோ நம்மிடம் கேட்க உரிமையே இல்லை என்று மக்நாட்டனே அப்போது எழுதினார். உண்மையைக் காலங்கடந்து எழுதுவதில் அவருக்கு நிகர் அவரே.

நம் ஜொகூரில் இந்த நாடகத்தின் முடிவு வேறு விதமாயிற்று. உசேனின் மகன் அலி, 1855ல் சுல்தான் என்ற பட்டத்தைப் பெற்று, மூவார்–கெசாங் பகுதி நீங்கலாக ஜொகூரின் ஆட்சியைத் தெமெங்கோங் இப்ராகிமுக்கு எழுதிக் கொடுத்தார். மாதம் 500 வெள்ளி பெற்றுக்கொண்டார். எல்லாம் தாளோடும் மையோடும் தீர்ந்தன. எவரும் எவருக்காகவும் மலையேறிச் செல்லவில்லை. காபூலிலோ தாளுக்குப் பின்னால் பதினாயிரக்கணக்கானோர் நடந்து போயிருந்தார்கள்.

சிக்கனம் வேண்டுமென்று கல்கத்தாவும் இலண்டனும் நெருக்கின. 1841 இலையுதிர்காலத்தில், கணவாய்களைக் காத்துவந்த கில்ஸாய்த் தலைவர்களுக்குக் கொடுத்துவந்த தொகையை மக்நாட்டன் பாதியாகக் குறைத்தார். ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம்! அந்தப் போருக்கான மொத்தச் செலவோ ஒரு கோடியே ஐம்பது இலட்சம் பவுன் வரை சென்றதென்று கணக்கிட்டுள்ளனர். அதன் பெரும் பாரம் இந்திய வரி கொடுப்போர் தலையில் விழுந்தது. தலைவர்கள் கணவாய்களை அடைத்தார்கள். நவம்பர் 2ல் காபூல் எழுந்தது. பர்ன்ஸ் தம் வீட்டிலேயே வெட்டுண்டார். டிசம்பர் 23ல் தோஸ்தின் மகன் அக்பர் கானோடு இரகசியப் பேரம் பேசச் சென்ற மக்நாட்டனும் மாண்டார். தளபதியாயிருந்த எல்பின்ஸ்டன், 1809ல் தூது வந்தவரின் உறவினர், நோயாளி. பின்வாங்க இசைந்தார்.

1842 ஜனவரி 6ல், முழங்காலளவு பனியில், பாசறை காலியாயிற்று. போர்வீரர் ஏறத்தாழ 4,500. அவருள் வெள்ளையர் 700 பேர். பணிமக்கள் 12,000. முதல் இரவே கூடாரமில்லை, விறகில்லை. வங்கத்து வெயிலில் பிறந்தவர்கள் அமர்ந்த இடத்திலேயே விறைத்தார்கள். கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி தாய்மார் வழியோரம் இறந்து கிடந்தனர். 8ஆம் நாள் குர்த் காபூல்க் கணவாயில் மட்டும் 3,000 பேர் வரை மடிந்தனர். சிப்பாய் அணிவகுத்துப் போரிட வேண்டியவன். பணிமக்கள் கூட்டம் வெருண்டு அவனுள்ளே புகுந்தது. அதனால் படை குலைந்தது என்று தளபதிகள் பின்னர் குறைப்பட்டார்கள். அழைத்து வந்தவர்கள் யார் என்பதை அவர்கள் மறந்தார்கள்.

13ஆம் நாள் ஜலாலாபாத்துக் கோட்டையிலிருந்து பார்த்தோர் கண்ணுக்கு, சோர்ந்த மட்டக்குதிரை மேல் காயங்களோடு ஒருவர் வருவது தென்பட்டது. அவர் டாக்டர் பிரைடன். கும்பினிப் படையின் மருத்துவர் என்றே பலரும் நினைப்பர். அவர் ஷா ஷூஜாவின் படையில் பணியாற்றியவர். வழியில் அவருடைய குதிரை மாண்டபோது, சாகும் தறுவாயிலிருந்த ஓர் இந்திய வீரர் தம் மட்டக்குதிரையை அவருக்கு அளித்தார் என்பர். 'பதினாறாயிரவருள் பிழைத்தவர் ஒருவரே' என்று நூல்கள் எழுதின. 1879ல் எலிசபெத் பட்லர் அம்மையார் அதனை ஓவியமாகவும் தீட்டினார்; படத்தில் ஒரு குதிரை, ஒரு மனிதர். ஆங்கில நூல்கள் வழியாகவே சரித்திரம் கற்ற நாமும் பல்லாண்டு அவ்வாறே நம்பியிருந்தோம்.

அது பிழை. சிறைப்பட்ட ஆங்கில அதிகாரிகளும் மாதரும் பின்னர் மீண்டார்கள். சிப்பாய்களும் பணிமக்களும் பலர் காபூலுக்கே தவழ்ந்து திரும்பினார்கள். விரல்கள் உறைந்து உதிர்ந்தவர்கள், பாதமிழந்தவர்கள், கடைத்தெருவில் பிச்சையெடுத்து அந்தப் பனிக்காலத்தைக் கழித்தார்கள். சிலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பிரைடனை 'ஒரே ஒருவர்' என்று எழுதியவன் பொய் சொன்னானில்லை. அவன் கையிலிருந்த பட்டியலில் இவர்கள் பெயர் இருந்ததில்லை. நம் முன்னோர்க்காவது தோட்டத்தில் ஒரு செக்ரோல் இருந்தது. அதிலே பெயரைத் தவறாக எழுதினாலும் எழுதினார்கள். பன்னீராயிரம் பேருக்கு அதுவும் இல்லை.

ஷூஜாவோ காபூலை விட்டு அசையவில்லை. பாலா ஹிசாருக்குள் இருந்தபடியே ஆங்கிலேயருக்கும் கடிதம் விடுத்தார். ஆப்கானியத் தலைவர்களுக்கும் வாக்களித்தார். நீர் மெய்யாகவே எங்களைச் சேர்ந்தவராயின் ஜலாலாபாத்து வெள்ளையர்மேல் படைநடத்தும் என்றார்கள் அவர்கள். ஏப்ரல் 5ஆம் நாள் விடியலில், அரசவுடை அணிந்து கோட்டையினின்று புறப்பட்டார். வழியில் பதுங்கியிருந்த பாரக்ஸாய் இளைஞர் சுஜா உத் தௌலாவின் ஆட்கள் சுட்டார்கள். உடலில் இருந்த மணிகளைக் கழற்றிக்கொண்டு, உடலைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். கோஹினூர் கையணி பூண்டு எல்பின்ஸ்டன் கண்ணைக் கூச வைத்தவர் அவர்.

அவ்வாண்டு செப்டம்பரில் ஆங்கிலப் படை பழிவாங்கக் காபூலுக்கு மீண்டும் வந்தது. புகழ்பெற்ற சார் சத்தா கடைவீதியைத் தகர்த்தது. தெருக்களில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த சிப்பாய்களும் பணிமக்களும் பல நூற்றுவர் அப்படையை வந்தடைந்தனர். அக்டோபர் 1ல், ஆக்லண்டின் அறிக்கை வந்து சரியாக நான்காண்டு நிறைந்த அதே தேதியில், அதே சிம்லாவிலிருந்து புதிய கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபு அறிக்கை விடுத்தார்: விரும்பாத மக்கள்மேல் ஓர் அரசரைத் திணிப்பது ஆங்கில சர்க்காரின் கொள்கைக்கு ஒவ்வாது என்று.

1843ல் தோஸ்த் முகம்மது காபூல் திரும்பினார். 1863ல் இறக்கும்வரை ஆண்டார். ஷூஜாவின் குடும்பத்தார், கண்ணிழந்த ஜமான் ஷாவுடன், லூதியானாவுக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் பெயரில் உபகாரச் சம்பளக் கணக்கு மறுபடியும் திறக்கப்பட்டது.